அரியணை: ‘அரிய’ இருக்கையா?

கேள்வி: அரியணை என்றால் ‘அரிய இருக்கை’ என்றுதானே பொருள்? சிம்மாசனம் வேறு, அரியணை வேறா?

‘அரிய’ என்பதற்கு இங்கே வேலையே இல்லை. பிரிக்க வேண்டியது அரி + அணை. அரி என்றால் சிங்கம். புணர்ச்சியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். அரிய + அணை சேர்ந்தால் வகரம் தோன்றி ‘அரியவணை’ ஆகும். அருமை + அணை என்றால், ஆருயிர் போல ‘ஆரணை’ ஆகும். இகர ஈற்றுக்குப் பின் உயிர் வந்தால் யகரம் தோன்றும்: அரி + ய் + அணை.

அணை என்றதும் மேட்டூர் நினைவுக்கு வருகிறது, குழப்பம் அங்கேதான். இது படுக்கை, மெத்தை, இருக்கை என்ற பொருளில் வரும் அணை. தலையணை, பஞ்சணை, மலரணை எல்லாம் இந்தக் குடும்பம். திருமால் பள்ளிகொள்வது பாம்பணை.

ஆக, சிங்க இருக்கை. சிம்மம் + ஆசனம் என்பதும் அதே. சிங்காதனம் அதன் தமிழ் ஒலி வடிவம். அரியணை பொருள்வழி ஆக்கம். அதற்காக அரியணையைத் தனித்தமிழ் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்: வடமொழி ‘ஹரி’க்கும் சிங்கம் என்ற பொருள் உண்டு.

சிங்கம் வெறும் உவமை அல்ல, இருக்கையைத் தாங்கும் உருவம். சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டியன் ‘அரிமான் ஏந்திய அமளிமிசை’, அதாவது சிங்கம் தாங்கும் இருக்கைமேல், இருக்கிறான்.

கம்பன் முடிசூட்டுப் பாடலை ‘அரியணை அனுமன் தாங்க’ என்று தொடங்குகிறான். அரிக்குத் திருமால், குரங்கு என்ற பொருள்களும் உண்டு. அரி அமரும் அரியணையை அரியே தாங்குகிறது! கம்பன் நினைத்துச் செய்தானோ இல்லையோ, ரசிக்கத் தடையில்லை.

வடமொழி வாடை வேண்டாம் என்பவர்களுக்கு ‘அரசுகட்டில்’ இருக்கிறது. அந்தப் பாண்டியன் நெடுஞ்செழியன் உயிர்விட்டது அரைசு கட்டிலில் என்கிறது சிலம்பு. புறநானூறு 50-இல் மோசிகீரனார் அறியாமல் ஏறித் தூங்கியது முரசுகட்டில். அது அரசன் இருக்கை அல்ல, முரசுக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் கவனிக்க.

கல்வெட்டில் தேடுபவர்கள் ‘அரியணை’யை மட்டும் தேடினால் ஏமாறுவார்கள். சோழர் மெய்க்கீர்த்திகளில் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதி) ‘வீரசிம்மாசனத்து வீற்றிருந்தருளிய’ என்று வரும். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பள்ளிப்பீடம்’. அதற்குப் பெயரும் உண்டு: ‘பள்ளிப்பீடம் மழவராயனில் எழுந்தருளியிருந்து’ என்றால், மழவராயன் ஆள் அல்ல, இருக்கை.