அரிசி மாதிரியில் சீசியம் குறைவது ஏன்?

கேள்வி: ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பானில் தயாரான பழுப்பரிசிச் சான்று மாதிரியை (கதிரியக்க அளவு சான்றிதழில் தரப்பட்ட ஒப்பீட்டு மாதிரி) ஜெர்மானியம் காமாக் கதிர் கருவியில் அளந்தோம். சீசியம்-137 சரியாக வருகிறது, சீசியம்-134 மட்டும் சான்றிதழ் மதிப்பைவிடக் குறைகிறது. மாதிரி கெட்டுவிட்டதா?

பதில்: அரிசியைச் சந்தேகிக்கும் முன் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். 134-இன் அரைவாழ்வு சுமார் 2.06 ஆண்டு, பத்தாண்டில் ஏறத்தாழ 3.5 சதவீதமே மிஞ்சும். 137-இல் 79 சதவீதம் இருக்கும்.

இந்தக் கதிரியக்கத் தேய்வைத் திருத்தியும் குறைந்தால், 134 வெளியிடும் 605, 796 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக்கள் ஒரே நேரத்தில் கருவியில் விழுந்து ஒன்றாகக் கூடுகின்றன; அதனால் தத்தம் எண்ணிக்கையில் சேராமல் போகின்றன. டப்பா கருவியை ஒட்டியிருந்தால் இழப்பு அதிகம். 137-இன் 662 தனிக் காமா என்பதால் தப்புகிறது. டப்பாவைப் பத்து செ.மீ. தள்ளி, அந்தத் தூரத்துக்கான திறனளவோடு (வெளிவரும் கதிர்களில் கருவி பதிவுசெய்யும் பங்கு) மீண்டும் அளந்து பாருங்கள். எண்ணிக்கை குறையும், பொறுமை வேண்டும். அப்போது மதிப்பு பொருந்தினால் அரிசி நல்லதுதான். நிரப்பும் உயரமும் அடர்த்தியும் அளவுத்திருத்த மாதிரியோடு ஒத்திருக்கட்டும்.