இக்னிஷன் மாத்தினதும் ஆர்பிஎம் முள் ஆடுதா? கேள்வி பதில்

இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுறது ஆர்பிஎம் மீட்டர். பழைய கார்ல ஸ்பார்க்குக்காக கரண்ட்டை வெட்டுற பாயிண்ட்டையும் அதோட வர்ற கண்டென்சரையும் எடுத்துட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவங்க பல பேர், அந்த மீட்டர் முள் ஆடுதுன்னு என்கிட்ட வர்றாங்க. சத்துவாச்சாரியில் முப்பது வருஷமா வண்டி வயரிங் பார்க்கிறேன். வேலூர் பக்கத்து பழைய கார்க்காரங்க கேட்டதுக்கெல்லாம் இங்கே பதில்.

காட்பாடி: அண்ணே, பத்மினி கார்ல பாயிண்ட்டை எடுத்துட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் போட்டேன். ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. ஆனா ஐடிலிங்லயே முள் 800க்கும் 2000க்கும் நடுவுல குதிக்குது. மீட்டர் போச்சா?

மீட்டரைக் கழட்டாதீங்க தம்பி, அது அநேகமா நல்லாத்தான் இருக்கும். ஆர்பிஎம் மீட்டருக்கு இன்ஜின் சுத்துறது தெரியாது. ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏத்துற காயிலோட நெகட்டிவ் முனையில வர்ற துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்துது. நாலு சிலிண்டர் வண்டியில ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க். 3000 ஆர்பிஎம்னா நொடிக்கு 100 துடிப்பு. மாட்யூல் கரண்ட்டை வெட்டும்போது காயில் முனையில வோல்டேஜ் எகிறி, அடங்கறதுக்குள்ள நாலஞ்சு தடவை அதிரும். அந்த அதிர்வையும் சில மீட்டர் துடிப்புன்னு எண்ணிடும்.

முதல்ல பழைய கண்டென்சர் இன்னும் காயில்லயோ, ஸ்பார்க்கை சிலிண்டருக்குப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர்லயோ தொங்குதான்னு பாருங்க. இருந்தா கழட்டிடுங்க, மாட்யூலுக்கு அது வேண்டாம். அடுத்து, மீட்டருக்குப் போற சிக்னல் வயர் எந்த வழியா போகுதுன்னு பாருங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்பாசிடர்ல, பார்க்க சுத்தமா இருக்கட்டும்னு நானே சிக்னல் வயரைப் பிளக் வயரோட சேர்த்து டேப் சுத்திட்டேன். ஏலகிரி வளைவுல ஆக்சிலேட்டர் மிதிக்கிறப்பல்லாம் முள் 6000க்குப் பாஞ்சது. ரெண்டு நாள் மீட்டரையே சந்தேகப்பட்டேன். கடைசியில வயரைப் பிரிச்சு ஒரு சாண் தள்ளி ஓட்டினேன், முள் அடங்கிடுச்சு. அந்த வண்டிக்காரர்கிட்ட ரெண்டு நாள் கூலி வாங்க எனக்கு மனசு வரல.

ஆற்காடு: அண்ணா, அப்பாவோட அம்பாசிடர். பகல்ல சரியா காட்டுது, ஹெட்லைட் போட்டா மட்டும் முள் ஏறி நிக்குது.

எர்த்தும்மா. வேற எதையும் தொட வேண்டாம். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஒரு நீள வயரை நேரா மீட்டரோட எர்த் முனையில வச்சுப் பாருங்க. முள் பழையபடி இறங்கிட்டா காரணம் தெரிஞ்சு போச்சு. இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற பின்னல் பட்டையை வண்டிக்கு அடியில தேடுங்க. போல்ட்டுக்குக் கீழே பச்சைப் பொடி பூத்து, பட்டை பாதி இழை அறுந்து, மேலே ஆயில் மண் அப்பியிருக்கும். கழட்டி, ரெண்டு பக்கமும் உலோகம் மின்னுற வரைக்கும் எமரி தாள் போட்டுத் தேய்ச்சு முறுக்குங்க. இழை அறுந்திருந்தா புதுசே போட்டுடுங்க. பெயின்ட் மேல முறுக்கின எர்த், எர்த்தே இல்ல.

ஆம்பூர்: சிடிஐ பாக்ஸ் போட்டிருக்கேன் சார். மீட்டர் வயர் பழையபடி காயில் நெகட்டிவ்லதான் இருக்கு. கண்டபடி காட்டுது.

இன்னைக்கே அந்த வயரைக் கழட்டிடுங்க சார். சிடிஐங்கிறது கப்பாசிட்டர் வகை இக்னிஷன், அதுல ஒரு கப்பாசிட்டர் நானூறு வோல்ட்டுக்கு மேல ஏறி காயில்ல கொட்டும். அது மீட்டரையே எரிச்சிடலாம். குறைஞ்ச ஆர்பிஎம்ல ஒரே தடவைக்குப் பல ஸ்பார்க் விடுற பாக்ஸும் உண்டு, அதையெல்லாம் மீட்டர் எண்ணும். பாக்ஸிலேயே டேக்கோமீட்டருக்குன்னு, அதாவது ஆர்பிஎம் மீட்டருக்குன்னு, தனி முனை இருக்கும், அதுல கொடுங்க. அப்பவும் பழைய மீட்டர் ஏத்துக்கலைன்னா சிக்னலை மீட்டருக்கு ஏத்தபடி மாத்துற டேக்கோ அடாப்டர் ஒண்ணு நடுவுல போடணும்.

குடியாத்தம்: செம்புக் கம்பி பிளக் வயர் போட்டேன், முள்ளும் ஆடுது, ரேடியோவும் இரையுது.

ரெண்டுக்கும் காரணம் அதே வயர்தான். ரெசிஸ்டர் வகை வயருக்கு மாறுங்க, பிளக்கும் ரெசிஸ்டர் வகையா போடுங்க.

ராணிப்பேட்டை: மாருதி 800ல முள் ஆடல, ஆனா எப்பவும் குறைச்சலா காட்டுது.

மூணு சிலிண்டர் வண்டிக்கு நாலு சிலிண்டர் மீட்டர். நிஜத்துல 3000 ஓடினா அது 2250 காட்டும். மூணு சிலிண்டருக்குச் செட் பண்ற வசதி இருக்கிற மீட்டர் வாங்குங்க.

வாணியம்பாடி: ஐயா, பழைய பிரிட்டிஷ் மீட்டர். புது இக்னிஷன் போட்டதும் முள் செத்துப் போச்சு.

டயல்ல ஆர்விஐன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அப்படின்னா அது வோல்டேஜ் இல்ல, கரண்ட் பார்க்கிற வகை. காயிலுக்குப் போற வயரே மீட்டருக்குப் பின்னால ஒரு வளையமா சுத்திப் போகும். உள்ளே இருக்கிற சர்க்யூட்டை வோல்டேஜ் வகைக்கு மாத்திக் கொடுக்க நல்ல எலெக்ட்ரானிக்ஸ் கைக்காரரால முடியும். அழகான மீட்டர் ஐயா, தூக்கிப் போட்டுடாதீங்க.

பள்ளிகொண்டா: பைபாஸ்ல போறப்ப முள் சட்டுனு பூஜ்யத்துக்கு விழுது, அதே நொடியில வண்டியும் ஒரு வெட்டு வெட்டுது.

இது மீட்டர் கோளாறு இல்ல தம்பி. கியர்ல ஓடுற இன்ஜின் ஒரு நொடியில நிக்காது. முள் விழுதுன்னா ஸ்பார்க்கே அறுந்துடுச்சுன்னு மீட்டர் உண்மையைச் சொல்லுது. மாட்யூலுக்கு வர்ற கரண்ட்டைப் பாருங்க. காயிலுக்குப் போற வோல்டேஜைக் குறைக்கிற பேலஸ்ட் ரெசிஸ்டர் தாண்டின இடத்துல இருந்து எடுத்திருந்தா வோல்டேஜ் பத்தாது, சாவியில இருந்து முழு 12 வோல்ட்டா எடுக்கணும். அதுவும் சரின்னா இக்னிஷன் சுவிட்ச் பின்னால இருக்கிற கனெக்டரை ஓடுற இன்ஜின்ல லேசா ஆட்டிப் பாருங்க. லூஸ் எங்கேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த வண்டியை லாரிகளுக்கு நடுவுல பைபாஸ்ல ஏத்தாதீங்க.