ராமையா திருநீறு எடுக்கவில்லை

அன்புள்ள ஐயா,

கண்மலர் காணிக்கை பற்றிய உங்கள் சிறுகதையைத் தரம் 10 பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ராமையா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது ஸ்டோரில், வேலை செய்து ஓய்வு பெற்றவர், சாமி இல்லை என்று சொல்லி வாழ்ந்தவர். அவருடைய கண்புரை நீங்கவேண்டும் என்று மனைவி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொள்கிறார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடி முடிகிறது. நேர்த்தியைச் செலுத்துவதற்குள் மனைவி இறந்துபோகிறார். கடைசியில் ராமையாவே ஹட்டனுக்குப் போய்க் கண்மலர் வாங்கிவந்து கோயிலில் கொடுக்கிறார்.

வாசித்து முடித்ததும் ஒரு மாணவன், "அப்ப தாத்தா திருந்திட்டாரா டீச்சர்?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை ஐயா, உங்கள்மேல். நம் கதைகளில் சாமி கும்பிடாத ஒருவர் வந்தாலே கடைசிப் பக்கத்தில் கைகூப்பிவிடுகிறார், இல்லையென்றால் குடித்துச் சாகிறார். நீங்களுமா? அவர் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பதும் எனக்குப் பொருந்தவில்லை. நம்பிக்கை இல்லாதவர் ஒதுங்கி நிற்கவேண்டாமா?

நானும் சாமி கும்பிடுவதில்லை. வீட்டில் தெரியும், பாடசாலையில் தெரியாது. நம்பிக்கை இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது என்று புரியவில்லை.

பெயர் வேண்டாம்,
பண்டாரவளை

*

அன்புள்ள டீச்சருக்கு,

தாத்தா திருந்தவில்லை. திருந்துவதற்கு அவரிடம் எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டும் இடத்தை அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள். ராமையா கண்மலரைக் கொடுக்கிறார், "இது அவளோட கடன்" என்கிறார், திருநீறு எடுக்காமலே படியிறங்குகிறார். மனைவி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் யாரிடம் கொடுத்தாளோ அந்த அம்மன் ராமையாவுக்கு இல்லை. வாக்குக் கொடுத்தவள் இருந்தாள், அவருடைய கண்ணுக்காகப் பயந்தாள், அது அவருக்கு உண்மை. கடையில் அவள் வைத்துவிட்டுப் போன பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான் அதைக் கொடுக்கிறார். பார்வையைத் திருப்பித் தந்தது டாக்டர் என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே இல்லை.

ஆனால் நம் கதைகளைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நம்பிக்கையின்மையை ஒரு நோயாக எழுதி, கடைசியில் குணமாக்குவது நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அல்லது லொறி கவிழும், உடனே அவர் கோயில் வாசலில் கிடப்பார். பயத்தில் ஒரு மனிதன் செய்வதை எழுதிவிட்டு அதையே அவனுடைய உண்மை என்று சொல்வது நியாயமில்லை. பயத்தில் சாமியைத் திட்டும் பக்தரைப் பார்த்து "அவர் நாத்திகர் ஆகிவிட்டார்" என்று யாரும் எழுதுவதில்லையே.

ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1862இல் வெளியிட்ட 'தந்தையரும் தனயரும்' நாவலை முடிந்தால் வாசியுங்கள். அதில் வரும் பசாரவ் மருத்துவம் படித்தவன், எதையும் கும்பிடாதவன். டைபஸில் இறந்தவரின் உடலை அறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டு நோய் தொற்றுகிறது. சாகக் கிடக்கும் மகனிடம் அப்பா, கடைசிச் சடங்கைச் செய்துகொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறார். உங்களுக்கு ஆறுதல் என்றால் நான் மறுக்கவில்லை, ஆனால் அவசரம் வேண்டாம், நினைவு தப்பியவர்களுக்கும் அதைச் செய்கிறார்கள்தானே என்கிறான் மகன். நினைவு தப்பியபின்தான் பாதிரியார் வருகிறார். எண்ணெய் நெஞ்சில் படும்போது அவனுடைய ஒரு கண் திறக்கிறது, முகத்தில் திகில் போல ஒன்று ஓடிமறைகிறது. துர்கனேவ் அதற்குமேல் விளக்கவில்லை. அந்த மகனையும் அவர் தோற்கடிக்கவில்லை, அந்த அப்பா அம்மாவின் பக்தியையும் கேலி செய்யவில்லை. எந்தப் பக்கத்தின் அன்பையும் குறைக்காமல் எழுதியதால்தான் அந்தச் சாவு இன்றைக்கும் வலிக்கிறது.

சரி, ஒதுங்கி நிற்பதைப் பற்றி. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் ஒதுங்கி நிற்க எங்கே இடம் இருக்கிறது? வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் கேட்கும். திருவிழாக் கூட்டமும் கோயிலில்தான், வழக்குப் பேசுவதும் பெரும்பாலும் அந்த முற்றத்தில்தான். கோயிலுக்கென்று சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன சனம் நம்முடையது. காணி இல்லை, குடியிருக்கும் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். தங்கள் காசைப் போட்டு, தங்கள் கையால் கட்டி, எங்களுடையது என்று சொல்ல அந்த மக்களுக்கு இருந்தது அந்தச் சின்னக் கோயில்தான். நம்பிக்கை இல்லாதவரும் அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவரின் பேரன்தான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1977இலும் 1983இலும் இனக்கலவரத்தில் தோட்டப் பக்கம் தீயோடு வந்தவர்கள், உள்ளே இருப்பவர் முருகனை நம்புகிறாரா என்று கேட்டுவிட்டா லயத்தைக் கொளுத்தினார்கள்? நம்பாதவரும் தன் சனத்தோடு சேர்ந்துதான் ஓடினார், தேயிலைக்குள் ஒளிந்தார். கடவுளை விட்ட கையோடு சொந்தபந்தத்தையும் விட்டுவிட்டு, நகரத்துத் தெருவில் தனியாக நடக்கும் நாயகனை நாம் வேறு ஊர்க் கதைகளில் பார்த்திருக்கிறோம். அவனை அப்படியே கொண்டுவந்து அக்கரப்பத்தனையில் இறக்கினால் அவனுக்கு அங்கே நிற்கக் கால் இருக்காது.

கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆப்ரகாம் கோவூரை எடுத்துக்கொள்ளுங்கள். தெய்வ சக்தி இருப்பதாகச் சொல்பவர்கள் மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அதை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டவர். 1978இல் அவர் இறந்தபோது சடங்கு எதுவும் வேண்டாம் என்று கண்களையும் உடலையும் தானமாக எழுதிவைத்திருந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. பேய் பிடித்ததாகச் சொல்லி அடிபட்ட எத்தனையோ பெண்களுக்கு அவர் போன்றவர்கள் தேவைப்பட்டார்கள், இப்போதும் தேவை. ஆனால் ராமையாவின் உடலைத் தூக்கிக்கொண்டு மலைப் பாதையில் இறங்கவேண்டியது பக்கத்துக் காம்பராக்காரர்கள். அவர்கள் சங்கு ஊதாமல் தூக்கமாட்டார்கள். ராமையாவுக்கு அது தெரியும். தான் செத்தபிறகு அவர்கள் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும், உயிரோடு இருக்கும்போது என் நெற்றியில் கை வைக்காதீர்கள் என்பது அவர் போட்டிருக்கும் கோடு. நீங்கள் அதைச் சமரசம் என்று பார்க்கலாம். எனக்கு அது, ஒரு கூட்டத்துக்குள் வாழ்ந்துகொண்டே தன் மனச்சாட்சியைக் காப்பாற்றிக்கொள்ளும் கடினமான வேலையாகத் தெரிகிறது.

ஸ்டோரில் மெஷினுக்குக் காவல் என்று நம்பும் ரோதை முனிக்குப் பூசை போடும் நாளில் ராமையா என்ன செய்கிறார் என்று கவனித்தீர்களா? எல்லோரோடும் சேர்ந்து மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுகிறார். மற்றவர்களுக்கு உள்ளே முனி இருக்கிறது. அவருக்கு, கவனிக்காமல் விட்டால் கையை இழுத்துக்கொள்ளும் பல்சக்கரம் இருக்கிறது. ரெண்டு பேர் கையிலும் ஒரே துணிதான்.

அப்புறம் அந்தத் தப்பு. விடியக் கருக்கலில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குக் கூப்பிட ஒரு காலத்தில் அடித்ததும் தப்புதான், சாவு வீட்டில் அடிப்பதும் அதுதான். இழவுக்கு நீதான் அடிக்கவேண்டும் என்று ஒரு சாதியாரிடம் மட்டும் உத்தரவு போடுவதை ராமையா ஏற்பதில்லை, கதையில் அதற்காகக் கோயில் கமிட்டியோடு சண்டையே போடுகிறார். ஆனால் மாசியில் காமன் கூத்துக்கு அவராகவே போய் அடிக்கிறார். அப்பாவிடம் கற்ற வித்தை அது. சிவன் எரித்த மதனைத் தேடி ரதி புலம்பும் இடத்தில் தப்பின் சத்தம் எப்படி இறங்கவேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் தெரிந்தவர் அவர். புருஷனைப் பறிகொடுத்தவளின் அழுகையைப் புரிந்துகொள்ள ஒருவருக்குச் சிவன்மேல் நம்பிக்கை இருக்கவேண்டியதில்லை. கூத்தை அடியார்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு நாம் ஏன் வெளியே போகவேண்டும்?

இவரை நான் எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை. பெரியார் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் 1932இல் இலங்கைக்கு வந்து பேசியிருக்கிறார். பிறகு ஏ. இளஞ்செழியன் முன்னின்று நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டத்து இளைஞர்களிடம் போனது. 1962இல் அரசாங்கம் அதைத் தடைசெய்தது. கூட்டம் போட முடியாமல் போனாலும், அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கு வைத்த தூய தமிழ்ப் பெயர்கள் நம் தோட்டத்துப் பதிவேடுகளில் இருக்கின்றன. செங்கொடித் தொழிற்சங்கத்தின் வழியாக வந்தவர்கள் வேறு. பாடசாலையில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடமாக இருக்கும் நாட்டில், ஒரு தமிழ் டீச்சர் அதை வெளியே சொல்லத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மலையில் உங்களுக்கு முன்பே பலர் இப்படி வாழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. நம்பிக்கை இல்லாத பாத்திரத்தை மேடைப் பேச்சுப் பேசவிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் தன் கேள்வியை எங்கே கொண்டுபோகிறார் என்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, நீங்களே போய்ப் பார்த்திருப்பீர்கள். அம்மா, உனக்குக் கண் இல்லையா என்று அழுதவர்கள் உண்டு. அந்த அழுகையை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் ஆபத்தானது, சனத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நம்பிக்கை இல்லாத ஒருவரை அந்தச் சேற்றில் நிறுத்திப் பாருங்கள். வானத்தைப் பார்த்துக் கேட்க அவருக்கு ஆள் இல்லை. எச்சரிக்கை யார் கைக்குப் போனது, யார் மேசையில் கிடந்தது என்று கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே கிடையாது. விதி என்ற சொல் வாயில் வராததால் அவர் பொறுப்பாளியைத் தேடியாகவேண்டும். பக்தரும் இதைக் கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். நம்பாதவருக்கு இது ஒன்றுதான் கேள்வி. ஒரு பாத்திரத்துக்கு இதைவிட வலுவான உந்துதல் கிடைக்குமா?

அந்தச் சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்ததால் ஒருவர் சாமியை விட்டார் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அதுவும் நமக்குச் சுலபமாக வரும் வழி. நம்பிக்கையின்மை என்றாலே ஏதோ ஒரு காயம் என்று ஆகிவிடும். பலர் எந்தக் காயமும் இல்லாமல், யோசித்தே வந்து சேர்ந்தவர்கள். நீங்கள் எப்படி வந்தீர்கள்? அதை எழுதுங்கள்.

உங்கள் கதைக்கு வருகிறேன். ஆண் கும்பிடாவிட்டால் "அவர் ஒரு மாதிரி, புத்தகம் படிக்கிறவர்" என்று விட்டுவிடுவார்கள். பெண்ணை அப்படி விடமாட்டார்கள். விரதம் அவள் பொறுப்பு, வெள்ளிக்கிழமை விளக்கு அவள் பொறுப்பு, திருவிழாவுக்குப் பாற்குடம் எடுப்பதும் அவள்தான். வீட்டின் பக்தியையே அவள் தலையில் வைத்திருக்கிறோம். அதனால் அவள் நிறுத்தினால் வீடே நின்றுபோனதாக எல்லோருக்கும் படும். நம் எழுத்தில் இந்தப் பெண் மிகக் குறைவாகத்தான் வந்திருக்கிறாள். நீங்கள் எழுதப்போவது எனக்குச் சந்தோஷம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும் நாளில் தொடங்குங்கள். மாமியார் "அம்மா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகுகிறார், வீட்டில் தாளிப்பை நிறுத்துகிறார், மருந்து கொடுத்தால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்கிறார். உங்கள் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும். அன்றைக்கு வேலைப் பதிவில் பெயர் விழாது, சம்பளம் போகும். வேப்பிலையைப் பிடுங்கி எறிவாளா, அப்படியே விடுவாளா? திரும்பி வந்து மருந்தை ஒளித்து வைத்துக் கொடுப்பாளா, மாமியார் கண்முன்னால் கொடுப்பாளா? இதில் ஒவ்வொன்றும் அவள் யார் என்று சொல்லும். கடவுள் உண்டா இல்லையா என்று ஒரு வரிகூட அவள் பேசவேண்டாம்.

மறுநாள் மலைக்குப் போகிறாள். முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலியோ பொலி" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருந்ததே. நிரையில் எல்லோரும் சொல்கிறார்கள். அவள் சொல்வாளா? சொல்வாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பக்கத்து நிரைக்காரியின் கூடையும் நிறையட்டும் என்று. நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்தால் அதற்கும் காரணம் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். அந்த மாமியாரைக் கெட்டவளாக்கிவிடாதீர்கள். தன் பிள்ளைகளில் ஒன்றை அம்மைக்குக் கொடுத்த கிழவியாக அவர் இருக்கலாம். அன்றைக்கு டிஸ்பென்சரியும் இல்லை, டாக்டரும் இல்லை, வேப்பிலை மட்டும்தான் இருந்தது. மருமகளை எதிர்த்து அவர் பேசும் இடத்தில் கதையிலேயே வலுவான பேச்சை அவருக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் பெண் மருந்துப் போத்தலைத் திறக்கிறாளா என்று பாருங்கள்.

அன்புடன்.