மடக்குக் கத்தி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸிலிருந்து வந்த என் மைத்துனர் எனக்கு ஓப்பினெல் மடக்குக் கத்தி ஒன்றைக் கொடுத்தார். மரக் கைப்பிடி, எண் 8. எலுமிச்சம்பழம் நறுக்கிய அன்றே அலகு கறுத்துவிட்டது. ஐப்பசி மழையில் கைப்பிடி உப்பி, எவ்வளவு இழுத்தாலும் அலகு வெளியே வர மறுக்கிறது. கொஞ்சம் கூடப் போட்டால் துருப்பிடிக்காத எஃகில் பத்து வேலை செய்யும் கருவியே கிடைக்குமே என்கிறார்கள் வீட்டில். நீங்கள் இந்தக் கத்தியைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். பழைய கைவினைப் பொருள் என்பதால் வரும் பாசம்தானா அது? பத்து வயது மகன் வேறு கேட்டு நச்சரிக்கிறான். கொடுக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஓப்பினெல் கைவினைப் பொருள் அல்ல. பலர் அப்படி எண்ணித்தான் அதன்மேல் ஆசை வைக்கிறார்கள். அதன் வரலாறு வேறு.

ஆல்ப்ஸ் மலையில், சவோய் பகுதியின் மோரியென் பள்ளத்தாக்கில், கோடரியும் அரிவாளும் அடித்துக் கொடுத்துவந்த கொல்லர் குடும்பம் அது. 1890-இல், பதினெட்டு வயதில், ஜோசப் ஓப்பினெல் அப்பாவின் பட்டறையில் இந்தக் கத்தியைச் செய்தார். அவருடைய மனம் இயந்திரங்களில் இருந்தது. மரக் கைப்பிடிகளை ஏராளமாகச் செய்து தள்ளத் தானே ஓர் இயந்திரத்தை அமைத்துக்கொண்டார். 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கத்திகள் வந்தன. (பின்னாளில் 1, 11 இரண்டும் கைவிடப்பட்டன.) குடியானவர் தம் கைக்கும் வேலைக்கும் ஏற்றதைப் பொறுக்கி, யோசிக்காமல் வாங்கும் விலை. அன்றே அது ஆலைப் பொருள், எளியவர்களுக்கான பொருள். அதனால்தான் அரிய மரத்தில் கைப்பிடி போட்டுப் பெட்டியில் வைத்து விற்கும் சிறப்புப் பதிப்புகள் எனக்கு உறுத்துகின்றன. பீச் (beech என்னும் ஐரோப்பிய மரம், பழம் தரும் பீச் அல்ல) மரக் கைப்பிடி கொண்ட சாதாரணக் கத்திதான் ஓப்பினெல்.

அலகில் ஒரு கை பொறித்திருக்கும், இரு விரல் உயர்த்தி ஆசி வழங்கும் கை. பக்கத்து ஊரான சேன் ழான் த மோரியெனின் தேவாலயத்தில் புனித திருமுழுக்கு யோவானின் விரல்கள் இருப்பதாக அங்கே நம்பிக்கை. அதன் மேலுள்ள கிரீடம் சவோய் கோமகன்களுடையது. 1909 முதல் இதுவே முத்திரை.

இனி உங்கள் கேள்வி. பத்து வேலை செய்யும் கருவியில் கத்தி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. பிடித்து அழுத்தினால் மற்ற தகடுகள் உள்ளங்கையை உறுத்துகின்றன. ஓப்பினெல் எண் 8-இன் அலகு எட்டரை சென்டிமீட்டர். அதன் முதுகே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து விளிம்புவரை மேலும் மெலிந்துகொண்டே போகும். நன்கு பழுத்த தக்காளிமேல் வைத்து, அழுத்தாமல் தன்பக்கம் இழுத்துப் பாருங்கள். தோல் நசுங்காது, விதை சிதறாது, துண்டு கண்ணாடிபோல் விழும். தடித்த அலகு எவ்வளவு தீட்டினாலும் இந்த வேலைக்கு வராது. இந்த மெலிவுதான் என் பாசத்துக்குக் காரணம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கள் இதைத் திரும்பத் திரும்ப வாங்குவதும் இதற்காகத்தான் என்று நம்புகிறேன்.

உங்கள் கத்தி கரிம எஃகு. எலுமிச்சை பட்டால் கறுக்கும், அது கேடல்ல. நாள்பட நீலமும் சாம்பலும் கலந்த ஒரு படலம் அலகு முழுவதும் பரவும், துருவும் எளிதில் ஏறாது. செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. அதை உடனே தேய்த்தெடுங்கள். நறுக்கியதும் கழுவித் துடைத்துவிட வேண்டும், தண்ணீரில் ஊறப் போடவே கூடாது. துருப்பிடிக்காத எஃகிலும் ஓப்பினெல் உண்டு. துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் தாராளமாக அதை வாங்கலாம். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பொறி பறக்கும் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், மெல்லிய அலகு பாதியாகத் தேய்ந்துவிடும். வீட்டில் நனைத்த தீட்டுக்கல்லின் நைசான பக்கத்தில் சில இழுப்புகள் போதும்.

மழையில் இறுகிய கத்திக்குச் சவோய்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். கைப்பிடியின் கழுத்தில் அலகை அசையாமல் பிடிக்கும் பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால், அலகின் முனை வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு நகத்தால் இழுத்துவிடலாம். கத்தி நன்றாகக் காய்ந்த பிறகு, அலகு சுழலும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், அடுத்த மழையில் இந்த அளவுக்கு இறுகாது.

மகன் விஷயம். 1955-இல் ஜோசப்பின் மகன் மார்செல் ஓப்பினெல் அந்தப் பூட்டு வளையத்தைக் கண்டுபிடிக்கும்வரை, விரித்த அலகைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. கை சறுக்கினால் விரல்மேல் மடங்கும். இன்று அந்த அச்சம் குறைவு. ஆனாலும் எண் 8 அவனுக்கு வேண்டாம். சிறுவர்களுக்கென்றே முனை மழுங்கிய எண் 7 ஒன்று இருக்கிறது, அதை வரவழையுங்கள். முதல் சில வாரங்கள் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெள்ளரிக்காயும் வாழைப்பழமும் நறுக்கட்டும். அலகை விரித்ததும் வளையத்தைத் திருப்பிப் பூட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

அன்புடன்.