மூச்சு முட்டுதுன்னா இங்கிலீஷ்ல எதைப் போடுறது? டீச்சரிடம் கேள்வி பதில்

தருமபுரியில் ரொம்ப வருடமாக இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பொண்ணு லீவ் லெட்டரில் "ஐ ஆம் சஃபகேட்டிங் சின்ஸ் மார்னிங்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். பாவம், அவளுக்குச் சளி. அதைச் சொல்லப்போய் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள், சரி, கேளுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: அப்போ சஃபகேட் தப்பா டீச்சர்?

சளிக்குத் தப்பு கண்ணு. காற்றே கிடைக்காமல் உயிர் போகிற நிலைமைக்குத்தான் சஃபகேட். காலையிலிருந்து சஃபகேட் ஆனவள் எப்படி லெட்டர் எழுதியிருப்பாள்? மூக்கடைப்பு, நெஞ்சுச் சளி என்றால் "ட்ரபிள் ப்ரீதிங்" போதும். மாடி ஏறி மூச்சு வாங்கினால் "அவுட் ஆஃப் ப்ரெத்". கபடியில் வயிற்றில் முட்டி பட்டு ஒரு நிமிஷம் மூச்சு நின்ற மாதிரி ஆகுமே, அது "விண்டட்". ஆஸ்பத்திரிச் சீட்டில் எஸ், ஓ, பி என்று மூன்று எழுத்து இருந்தால் கோபப்படாதீர்கள், ஷார்ட்னெஸ் ஆஃப் ப்ரெத் என்பதன் சுருக்கம் அது, வசவு இல்லை.

காரிமங்கலம்: சாப்பிடும்போது புரை ஏறினால்?

லேசாக இருமிச் சரியானால் "இட் வென்ட் டவுன் த ராங் வே". நம்ம ஊரில் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம், இங்கிலீஷில் அந்த நினைப்பு கிடையாது. நிஜமாகவே தொண்டையில் சிக்கி, பேசவோ இருமவோ முடியவில்லை என்றால்தான் "சோக்கிங்". முதலுதவி வகுப்பில் முதல் கேள்வியே "ஆர் யூ சோக்கிங்?" தான். எது சிக்கியதோ அதற்கு முன்னால் "ஆன்" வரும், "சோக்ட் ஆன் எ போன்". அழுகை தொண்டையை அடைத்தால் "சோக்ட் அப்".

அரூர், செய்தி எழுதுகிற தம்பி: கிணற்றில் இறங்கினவர் மூச்சுத்திணறி இறந்தார். இதுக்கு?

"அஸ்ஃபிக்ஸியேட்டட்", அல்லது சஃபகேட்டட். சோக் வேண்டாம், அவர் தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. பழைய கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், உள்ளேயே டீசல் இன்ஜினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடும் சேரும். தண்ணீரில் மூழ்கிப் போனால் மட்டும் "ட்ரௌண்ட்". வேடிக்கை என்னவென்றால் அஸ்ஃபிக்ஸியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் "நாடித்துடிப்பு இல்லை" என்பதுதான், மூச்சு அதில் இல்லவே இல்லை.

பாலக்கோடு, பட்டுப்புழு வளர்க்கிற அண்ணன்: கூட்டை "ஸ்டைஃபிள்" பண்ணணும்னு சொல்றாங்களே, அதும் இதுதானா?

அண்ணா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆமாம், ஸ்டைஃபிள் என்றாலும் மூச்சை அடைப்பதுதான். ஒரு பட்டுக்கூடு என்பது பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழை. உள்ளே இருப்பது பூச்சியாகி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும், ஒரே நூலாக இழுக்க முடியாது. அதனால் நம்ம தருமபுரி அங்காடியில் கூடு வாங்கிப் போகிறவர்கள் ஆவியிலோ சூடான காற்றிலோ வைத்து உள்ளேயே அதைக் கொன்றுவிடுகிறார்கள். உண்மையில் சூடுதான் கொல்கிறது, மூச்சடைப்பு இல்லை, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. அதே சொல் கொட்டாவியை அடக்குவதற்கும் வரும், "ஸ்டைஃபிள் எ யான்". சித்திரை மாத மதியம் கரண்ட் போனால் "ஸ்டைஃப்லிங் ஹீட்". தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது புழுக்கம் என்பது என் அபிப்பிராயம். யோசித்துப் பாருங்கள், நெல்லை ஆவியில் புழுக்குகிறோம், உடம்பு புழுங்குகிறது, சொல்ல முடியாததை உள்ளே வைத்தால் மனப்புழுக்கம். ஆவி, வெயில், மனசு, மூன்றுக்கும் நம்மிடமும் ஒரே வேர்.

ஓசூர்: பைக்கில் சோக், த்ராட்டில் ரெண்டும் இருக்கே?

இரண்டும் கழுத்தைப் பிடிக்கிற சொற்கள்தான் தம்பி. ஓசூர்க் குளிரில் பழைய பைக் கிளம்பாதபோது சோக்கை இழுத்தால் காற்று வழி அடைபடும், பெட்ரோல் பங்கு கூடும், வண்டி பிடித்துக்கொள்ளும். த்ராட்டில் என்பது த்ரோட், அதாவது தொண்டை, அதிலிருந்து வந்தது. மனிதரை த்ராட்டில் பண்ணினால் குரல்வளையை நெரிப்பது. ஆனால் ஃபுல் த்ராட்டில் என்றால் முழுக்கத் திறந்துவிடுவது, குழப்பம்தான். இப்போது வருகிற ஃப்யூவல் இன்ஜெக்ஷன் பைக்கில் சோக் இழுக்கிற வேலையே இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: புகுந்த வீட்டில் எல்லாரும் பாசம்தான் அக்கா, ஆனா மூச்சு விட முடியல.

"ஸ்மதர்". மேலே தலையணையைப் போட்டு அமுக்குவதற்கும் இதே சொல்தான், பாசத்தால் அமுக்குவதற்கும் இதே சொல்தான். இங்கிலீஷ்காரர்களுக்கும் மாமியார் வீடு தெரிந்திருக்கிறது. கட்டுப்பாடு, சண்டை என்றால் சஃபகேட்டிங் சொல்லலாம், உங்களுடையது ஸ்மதர்தான்.

ஊத்தங்கரை: கடன் கழுத்தை நெரிக்குது?

"ட்ரௌனிங் இன் டெட்". நமக்குக் கழுத்து, அவர்களுக்குத் தண்ணீர்.

கிருஷ்ணகிரி: தென்னாப்பிரிக்காவை ஏன் சோக்கர்ஸ்னு சொல்றாங்க?

ஜெயிக்க வேண்டிய நேரத்தில் பதற்றத்தில் கைகால் ஓடாமல் போவதும் சோக்தான். 1999 உலகக்கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சமமாக 213 எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு ரன் அவுட்டில் வெளியே போனார்கள். அந்தப் பேர் ரொம்ப வருடம் அவர்களை விடவில்லை.

நல்லம்பள்ளி: தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்னா?

"த ரோடு ஈஸ் சோக்ட் வித் ட்ராஃபிக்". ரோடு சஃபகேட் ஆகாது, உள்ளே ஏசி இல்லாத பஸ்ஸில் நிற்கிற நாம்தான் ஆவோம்.