வேலூர் வெயிலும் ஏர்பிரஷும்: மாடல் கட்டுவோர் கேள்வி-பதில்

விமானம், டாங்கி, ரயில் என்று நிஜத்தைச் சுருக்கிக் குட்டி மாடலாகக் கட்டுபவர்கள் நாங்கள். பெட்டியில் உதிரிப் பாகங்களாக வருவதை ‘கிட்’ என்போம். எங்கள் மாடல் கழகம் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறது. ஆளுக்கு ஒன்றாக மாடலைக் கொண்டுவந்து மேஜையில் வைப்போம். அதைப் பார்ப்பது பத்து நிமிஷம்தான். “இதை எப்படிச் செய்தீங்க?” என்ற பேச்சில்தான் மீதி நேரம் முழுக்கப் போகும். கடந்த இரண்டு கூட்டங்களில் துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள் சில இங்கே.

ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) அடித்தால் விமான இறக்கை முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடுகிறது. டமியா அக்ரிலிக் பெயின்ட்தான். கம்ப்ரஸர் கோளாறா? (சத்துவாச்சாரி)

கம்ப்ரஸர் பாவம், அதை விட்டுவிடுங்கள். பெயின்ட் துளி மாடலைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடியாகிவிடுகிறது, அந்தப் பொடிதான் இறக்கையில் ஒட்டியிருக்கிறது. நாம் படித்துவிட்டு அடிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள் எழுதியவை. ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊரில் 40 டிகிரி தாண்டும்போது அதே கலவை, அதே தூரம் எடுபடாது.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஃபேனை நிறுத்துங்கள். 15 செ.மீ. தள்ளி நின்று அடிக்கும் பழக்கம் இருந்தால் ஏழெட்டு செ.மீ. வரை நெருங்குங்கள், காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலப்பவர் என்றால் அது சட்டென்று பறந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேர்த்துக்கொள்ளலாம். எவ்வளவு என்பதை ஐஸ்கிரீம் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிட் மேல் சோதனை வேண்டாம். ஏற்கெனவே சொரசொரப்பான இறக்கையை 2000 நம்பர் உப்புத்தாளை சோப்புத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் காப்பாற்றலாம்.

நவம்பரில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. மழை பிடித்திருந்த ஒரு மதியம் பொறுமையில்லாமல் ஒரு மிக்-21 மேல் லாக்கர் வார்னிஷ் அடித்தேன். காற்றின் ஈரம் பூச்சில் படிந்து, விமானம் முழுக்க மோர் தெளித்த மாதிரி வெளுத்தது. மழை விட்ட பிறகு வெறும் லாக்கர் தின்னரை மெல்லிசாக மேலே தூவியதில் முக்கால்வாசி சரியானது. மீதிக் கால்வாசி வால் பக்கம் இன்னும் இருக்கிறது, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

முதல் கிட் எது வாங்கலாம்? (சோளிங்கர்)

1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72ல் ஒரு பங்காக, ஒற்றை எஞ்சின் விமானம் ஏதாவது. விலையும் இடமும் குறைவு, தப்பு செய்தாலும் மனசு உடையாது. நம் விமானப்படையின் நாட் (Gnat) போர் விமானத்தின் மேல் பலருக்கும் ஆசை உண்டு, 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்திப் பெயர் வாங்கியதாயிற்றே. 1/72ல் அதன் இறக்கை முனைக்கு முனை 9.5 செ.மீ.கூட வராது. வாங்கும்போது பெட்டிப் படத்தைக் கவனியுங்கள். இரண்டு இருக்கை உள்ள பிரிட்டிஷ் பயிற்சி நாட் சுலபமாகக் கைக்கு வரும். நம்மவர்கள் ஓட்டியது ஒற்றை இருக்கை.

விமானத்தின் கண்ணாடி மூடியை ஃபெவிக்விக்கால் ஒட்டினேன், உள்ளே பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. (இராணிப்பேட்டை)

ஃபெவிக்விக்கின் ஆவி செய்த வேலை. இனி கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கல்லூரிக் கண்காட்சிக்காக நான்கு அடிக்கு மூன்று அடி பலகையில் வேலூர்க் கோட்டையைத் தெர்மாகோலில் செய்கிறோம். 1806 சிப்பாய் புரட்சியைக் காட்ட 1/72 சிப்பாய் பொம்மைகள் வாங்கிவிட்டோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்? (காட்பாடி)

பொம்மையை வாங்கிவிட்டு அளவைக் கேட்கிறீர்கள்! சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோட்டை வளாகம் 133 ஏக்கர். சதுரமாக நினைத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏறக்குறைய 730 மீட்டர். 1/72ல் செய்தால் 10 மீட்டர் நீளம் வரும், உங்கள் வகுப்பறை போதாது. உங்கள் பலகையில் அடங்க வேண்டுமானால் 1/1000 எடுக்க வேண்டும். அதில் ஆள் ஒரு கடுகு உயரம். ஜலகண்டேஸ்வரர் கோவில் கோபுரம் 100 அடிக்கு மேல், அதுவே மூன்று செ.மீ.தான் வரும். உங்கள் சிப்பாய் 2.4 செ.மீ. இருப்பார், கோபுரத்தோடு தோள் உரசி நிற்பார்.

என்னைக் கேட்டால் முழுக் கோட்டையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வட்டக் கொத்தளம், இருபுறமும் கொஞ்சம் மதில், கீழே ஒரு முழம் அகழி, அவ்வளவையும் 1/72ல் செய்யுங்கள். வாங்கிய சிப்பாய்களுக்கும் வேலை கிடைக்கும். ஒரு ஞாயிறு நேரில் போய் மதிலை முட்டும் தூரத்தில் நின்று பாருங்கள். கல் எல்லாம் ஒரே அளவு கிடையாது, வரிசையும் அளவுகோல் வைத்த மாதிரி ஓடாது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் தெர்மாகோலில் அழுத்திக் கோடு போடும்போது அந்த ஒழுங்கின்மையைக் கொண்டுவாருங்கள். செங்கல் சுவர் மாதிரி வரிசை பிடித்தீர்களோ, கெட்டது.

ஸ்ப்ரே டப்பா பெயின்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும், ஃபெவிக்விக்கும் அப்படித்தான். முதலில் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து இரண்டு கை பூசிக் காயவிடுங்கள், அதற்கு மேல் போஸ்டர் கலர். கருங்கல் என்றதும் கறுப்பு டப்பாவைத் திறக்காதீர்கள். அடர் சாம்பலில் தொடங்கி, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் வெளிர் சாம்பலும் கொஞ்சம் மண் நிறமும் மேடுகளில் மட்டும் தேயுங்கள். அகழித் தண்ணீருக்கு நீல ரெசின் வேண்டவே வேண்டாம். அடித்தளத்தில் பச்சையும் பழுப்பும் பூசிவிட்டு, மேலே நிறமில்லாத ரெசினை மூன்று நான்கு மி.மீ. கனமாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது என்று ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறித் தெர்மாகோல் இளகும், பலகை வழியாகக் கசிந்து யாராவது ஒருவருடைய செருப்பு தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

பாலாற்று மணலைத் தரைக்கு அப்படியே போடலாமா? (ஆற்காடு)

1/35ல் ஒரு மி.மீ. மணல் என்பது மூன்றரை செ.மீ. ஜல்லி. வஸ்திரகாயம் செய்து, அதாவது வேட்டித் துணியில் சலித்து, கீழே விழும் தூளைப் போடுங்கள். துணியில் தங்குவதும் வீணில்லை, அது கல். காய்ந்த டீத்தூளும் நல்ல மண்தான். வெயிலில் நன்றாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை வரும்.

பழைய கிட்டில் டிகால் தாள் (மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) மஞ்சளாகிவிட்டது. (குடியாத்தம்)

காற்றுப் புகாத பாலித்தீன் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கள். நம் ஊர் வெயில் மாடல்காரருக்கு உதவும் ஒரே இடம் இது. தினமும் ஒரு பார்வை பாருங்கள், மஞ்சள் போனதும் எடுத்துவிடுங்கள்.

காட்பாடி ஸ்டேஷனை ஹெச்.ஓ. (1/87) அளவில் கட்ட ஆசை. கடையில் வாங்கும் தண்டவாளம் நம் அகலப்பாதைக்குப் பொருந்துமா? (காட்பாடி)

பொருந்தாது. நம் அகலப்பாதை 1676 மி.மீ., 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கடையில் வருவது 16.5. பெட்டிக்குக் கீழே சக்கரம் ஒடுங்கித் தெரியும். பெரும்பாலோர் அதைச் சகித்துக்கொள்கிறார்கள், நீங்களும் சகிக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. காட்பாடி-விழுப்புரம் பாதை முன்பு மீட்டர்கேஜ். 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5, கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கும். அரை மி.மீ. வித்தியாசத்தை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு ஒய்.பி. நீராவி எஞ்சின், நாலு பெட்டி, சின்ன கிராமத்து ஸ்டேஷன், ஒரு மேஜைக்குள் முடிந்துவிடும். அகலப்பாதையில் 24 ஐ.சி.எஃப். பெட்டி கோத்தால் ரயில் மட்டுமே ஆறு மீட்டர் ஆகிறது, ஹாலில் தொடங்கி வாசலுக்குப் போய்விடும்.

மாடலின் பெல்ட், பைகளுக்கு நிஜத் தோல் வைக்கலாமா? இங்கே துண்டுகள் சும்மா கிடைக்கின்றன. (ஆம்பூர்)

மெல்லிய லைனிங் தோலே 0.6 மி.மீ. என்றால் 1/35ல் அது 2 செ.மீ. தடிமன், பெல்ட் இல்லை, மெத்தை. மாஸ்கிங் டேப் போதும். அரையடிக்கு மேற்பட்ட பெரிய பொம்மை செய்பவர்களுக்குத் துண்டுகளைக் கொண்டுவாருங்கள், கூட்டத்தில் பறந்துவிடும்.

ராணுவத்தில் டி-55 டாங்கி ஓட்டினேன். இப்போது வயது 68, கை கொஞ்சம் நடுங்குகிறது. அதைக் கட்ட முடியுமா? (கம்மவான்பேட்டை)

தாராளமாக முடியும், ஐயா. 1/35 எடுங்கள், உடல் மட்டும் 18 செ.மீ. வரும், கைக்கு அடக்கமாக இருக்கும். ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும் செயினைத் தவிர்த்து, ஒரே பட்டையாக வரும் ரப்பர் செயின் உள்ள கிட்டாகப் பாருங்கள். அந்த ரப்பரை நேரே பிளாஸ்டிக் மேல் போட்டு வருஷக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், சில வகை பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மணிக்கட்டு இரண்டையும் மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதி அடங்கும். நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கிட்டை முடித்திருக்க வேண்டியதில்லை, பெட்டியோடு வாருங்கள். பாலைவனத்தில் டாங்கியின் பச்சை எப்படி வெளுக்கும், புழுதி எந்த இடத்தில் முதலில் படியும் என்று எங்களுக்குள் இரண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது. எங்களில் ஒருவரும் அதற்குள் உட்கார்ந்ததில்லை.