தெக்கால தள்ளி உட்காருங்கள்

கேள்வி: ஒரு மொழியில் சொல் இல்லாத பொருளை அம்மொழி பேசுவோரால் நினைத்துப் பார்க்கவே முடியாது என்று எங்கள் வகுப்பில் வாதிட்டார்கள். மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறதா?
- கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: நினைக்கவே முடியாது என்பது மிகை. சொல் அகப்படாமல் தவிக்கும் நேரத்திலும் சொல்ல வந்தது மனத்தில் நிற்கத்தான் செய்கிறது. அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை என்று அமெரிக்க மொழியியலர் பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897-1941) எழுதியதைப் பலர் நெடுநாள் நம்பினார்கள். மொழியியலர் எக்கேஹார்ட் மலோட்கி 1983இல் அம்மொழியின் காலச் சொற்களை ஒரு பெரிய நூலாகவே தொகுத்துக் காட்டிய பிறகு அந்த வாதம் நிற்கவில்லை.

ஆயினும் மொழி நம் கவனத்தைப் பழக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தந்தையின் உடன்பிறந்தவரைக் குறிப்பிடும்போது அவர் தந்தைக்கு மூத்தவரா இளையவரா என்று அறியாமல் நம்மால் பெரியப்பா என்றோ சித்தப்பா என்றோ சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு யிமித்திர் மொழி பேசுவோர், பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல இடம், வலம் என்பவற்றை நாடாமல் நாற்றிசைகளையே பயன்படுத்தினார்கள். படகு கவிழ்ந்த அனுபவத்தை அவர்களுள் ஒரு முதியவர் 1980இல் மேற்கு நோக்கி அமர்ந்து சொன்னபோது, படகு புரண்டதைத் தமக்கு முன்புறமாகக் கையை உருட்டிக் காட்டினார். இரண்டாண்டுகள் கழித்து வடக்கு நோக்கி அமர்ந்து அதே கதையைச் சொன்னபோது, அவர் கை வலமிருந்து இடமாகப் புரண்டது. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்கேதான் கவிழ்ந்தது. எந்நேரமும் திசை சொல்லிப் பேச வேண்டியவர், நடந்தவற்றைத் திசையோடுதான் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

இதற்காக ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதுமில்லை. "கொஞ்சம் தெக்கால தள்ளி உட்காருங்க" என்று நம் கிராமங்களில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மொழியியலர் எரிக் பெடர்சன் 1990களில் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், கிராமத்தார் பெரும்பாலும் திசைகளாலும் நகரத்தார் இடம், வலம் என்றும் இடத்தைக் குறிப்பிடுவதைக் கண்டார். பேச்சுக்கு வேலையே இல்லாத நினைவுச் சோதனைகளிலும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. இத்தகைய சோதனைகளில், ஒரு மேசையில் வரிசையாக வைத்த பொம்மைகளைப் பார்த்தவர், முழுவதும் திரும்பி நின்று எதிர் மேசையில் அதே வரிசையை அமைக்க வேண்டும். இடம் வலத்தைக் காப்பவரும் திசையைக் காப்பவரும் அவற்றை ஒருவருக்கொருவர் நேர்மாறாக அடுக்குவார்கள். இரு சாராரும் பேசுவது தமிழ்தான் என்பதே இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு மொழியில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதைவிட, அவற்றுள் எவை நாள்தோறும் நாவில் புழங்குகின்றன என்பதே மனத்தைப் பழக்குவதாகத் தோன்றுகிறது.

சுற்றுப்புறமே காரணம், மொழி அன்று என்று உளவியலர்கள் பெகி லீ, லைலா கிளைட்மன் இருவரும் 2002இல் மறுத்து எழுதினார்கள். புறக்கணிக்கக் கூடாத மறுப்பு அது. வெட்டவெளியில் உழுபவருக்குச் சூரியன் திசை காட்டுவதுபோல் அடுக்குமாடியில் இருப்பவருக்குக் காட்டுவதில்லை. எனினும் அந்த வாழ்க்கைமுறை குழந்தையின் மனத்தில் இறங்கும் வழிகளுள் பெரியவர்களின் பேச்சும் ஒன்று என்பதால், இரண்டையும் முற்றிலும் பிரிக்க முடியும் என்று நான் கருதவில்லை.

கேள்வி: நிறங்களைப் பார்ப்பதிலும் மொழிக்குப் பங்கு உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிறிதளவு உண்டு. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கு 'கலுபோய்', அடர்நீலத்துக்கு 'சீனிய்' எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நீலங்கள் வெவ்வேறு சொல்லுக்குள் அடங்கியபோது ரஷ்ய மொழியினர் அவற்றைச் சற்று விரைவாக வேறுபடுத்தினார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் அந்த விரைவு தென்படவில்லை. மொழிக்கு வேறு வேலை கொடுப்பதற்காக ரஷ்ய மொழியினரையே மனத்துக்குள் ஓர் எண்வரிசையைச் சொல்லிக்கொண்டே பார்க்கச் செய்தபோது, அந்த விரைவு அவர்களிடமும் மறைந்துவிட்டது.